நாலு மடங்கு பூமி

பிப்ரவரி 2, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்த வேலைதான், ஆனால் பாதி. அவர் ஏ.சி. ஆபரேட்டர். எனக்கு ஏ.சி.யைத் தொட அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் அறையில் சூடு எவ்வளவு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தரை துடைக்க வேண்டும். சாவிக்கொத்து என் பொறுப்பு. கருணை அடிப்படையில் என்று உத்தரவில் போட்டிருக்கிறது.

தயாளன் சார்தான் இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பு. பதிவேட்டைக் கொடுத்து, "ஏம்மா, எழுதத் தெரியுமில்ல?" என்றார். ஏழாவது வரை படித்திருக்கிறேன் என்றேன்.

"நம்பர் மட்டும் போதும். மணி, டிகிரி, கையெழுத்து. கதை கிதை எழுதிறாத."

அதனால் மற்றதை இதில் எழுதுகிறேன். இது போன வருஷத்து டைரி. ஏ.சி. கம்பெனிக்காரன் அவருக்குக் கொடுத்தது. அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கிழமைகள் எல்லாம் ஒரு நாள் பிந்தியிருக்கின்றன. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு இந்த வருஷத்துக் கிழமையைப் பக்கத்தில் எழுதினேன்.

8 மணி 21. 10 மணி 21. 12 மணி 21. 2 மணி 21. 4 மணி 21.

பிப்ரவரி 3, செவ்வாய்

அறைக்குள் மார்கழி. வெளியே வந்தால் பெரம்பலூர்.

அவரிடம் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. காப்பிக்கொட்டை நிறம். திருச்சியில் நேபாளக்காரர்கள் குளிர் காலத்தில் போடுகிற கடையில் வாங்கினோம். இந்த வேலைக்கென்றே வாங்கியது. அவர் போன பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த சாமான்களில் வாட்ச் இருந்தது, கண்ணாடி இருந்தது, டிபன் டப்பா கழுவாமல் இருந்தது. ஸ்வெட்டர் இல்லை.

இன்னொரு ஆபரேட்டர் ஜமால் பாய். அவரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். பாயிடம் கேட்டேன்.

"அந்த ஸ்வெட்டரா? அதைப் போட்டுக்கிட்டே டீக்கடைக்கு வந்துருவான் தங்கச்சி. சித்திரை வெயில்ல! கடைக்காரன் கேப்பான், 'நல்லதம்பிண்ணே, காய்ச்சலா, மாத்திரை தரவா'ன்னு." சிரித்தார். பிறகு, "எங்க போச்சுன்னு தெரியலையே" என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனார். ஸ்குரூ டிரைவர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகள் சுகந்தி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். "அந்த இடத்துக்கே ஏம்மா போற? வேற வேலையா இல்ல? இங்க வந்துரு" என்றாள். பழகிய இடம் என்றேன். நான் அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு முன் போனதே இல்லை.

அவர் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் ஆபீஸ் மொட்டை மாடிக்கு ஏற மாட்டார். "பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் மாடி சூரியனுக்குச் சொந்தம்" என்பார். அன்று மட்டும் ஏறினார். மாடியில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் ஏறினார் என்று கேட்டால் "தானாகத்தான் போனார்" என்றார்கள்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சுகந்தியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று ஓட்டம் தொடங்கியது. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பஸ் ஓடுகிற மாதிரி.

கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்கிற மெர்லின் மேடம்தான் தொடங்கியது. நாகர்கோவில் பக்கம். என் மகளைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும். என்னை நேராகப் பார்க்காது. பார்த்தால் அக்கா என்று கூப்பிடும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் அறைக் கதவில் ஒட்டியது. மை பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது.

"ஓட்டம் நடக்கிறது. எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அவசரம் என்றால் 253."

ஓரத்தில் பழைய டேப் காய்ந்து ஒட்டியிருந்தது. போன வருஷம் மேடமே எழுதிய காகிதம்தான். 253 அதன் மேசை போன்.

என்ன ஓடுகிறது என்று கேட்டேன்.

"உள்ளே ஒரு பூமி இருக்குக்கா. கணக்குலயே செஞ்ச பூமி. காத்துல இருக்கிற கரியமில வாயுவ மொத நாள் ஒரேயடியா நாலு மடங்கு ஆக்கிருவோம். பொறவு எதையும் தொட மாட்டோம். நூத்தம்பது வருஷம் என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"ஒரேயடியாவா? நெசத்துல அப்படி ஆகாதே மேடம்."

"ஆகாது. ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா, எது எதனால ஆச்சுன்னு பிரிக்க முடியாது. ஒரே அடி அடிச்சாத்தான் தெளிவாத் தெரியும்."

ஒரு நாளைக்கு ஒன்றரை வருஷம் ஓடுமாம். மே மாதக் கடைசியில் முடியும்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். எனக்கும் ஒரேயடியாகத்தான் வந்தது. எது எதனால் என்று தெளிவாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

21, 21, 21, 22, 21. ஜமால் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை அவர் இருக்க மாட்டார். அந்த நேரம் ஏ.சி.க்கு ஆளே கிடையாது.

அவர் போனதும் வெள்ளிக்கிழமைதான்.

மார்ச் 4, புதன்

பூமிக்கு முப்பது வயது. மேடத்தின் திரையில் இரண்டு கோடுகள். கீழே ஒன்று தட்டையாகப் போகிறது. மேலே ஒன்று கிடுகிடுவென்று ஏறி, பிறகு சாய்ந்து, மெல்ல மெல்லப் போகிறது.

"கீழ இருக்கிறது?"

"அது எதுவுமே செய்யாத பூமி. நாங்க கை வைக்காம விட்டது. ரெண்டையும் ஒரே நாள்ல தொடங்குவோம். மேல இருக்கிறதுல கீழ இருக்கிறதக் கழிச்சா, நாங்க செஞ்சதுக்கு என்ன விலைன்னு தெரியும்."

"மேல இருக்கிறது நின்னுருச்சே. அவ்வளவுதானா?"

"நிக்கல. மேல பாத்தா நின்ன மாதிரி இருக்கும். சூடு கடலுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கு. அடி ஆழத்துக்குப் போய்ச் சேர ஆயிரம் வருஷம்கூட ஆகும்."

மேசைக்கு அடியில் கூட்டி முடித்தேன். பிறகு கேட்டேன். "அந்தக் கீழ்க்கோட்டு பூமியில பெரம்பலூர் இருக்குதா?"

"ஒரு கட்டத்துக்குள்ள திருச்சி, பெரம்பலூர், அரியலூர் எல்லாம் சேந்து இருக்கும்."

"ஆளுங்க?"

"ரெண்டுலயும் ஆள் கிடையாதுக்கா. காத்து, கடல், மண்ணு, மழை, பனி. அவ்வளவுதான்."

ஆளே இல்லாத ஊருக்கு இத்தனை பேர் காவல்.

மார்ச் 5, வியாழன்

ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம் உரித்தேன்.

மார்ச் 18, புதன்

தயாளன் சார் அலமாரியைத் தூசி தட்டச் சொன்னார். பழைய பதிவேடுகள் அடுக்கியிருந்தன. போன வருஷத்ததை எடுத்து மே மாதத்துக்குப் போனேன். அவருடைய எண்கள். ஒன்பதுக்கு வால் வளைத்துப் போடுவார், காஸ் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே.

மே 9. வெள்ளி.

8 மணி 21. 10 மணி 23. 12 மணி 26. அதற்குக் கீழே, கோடு போடாத இடத்தில், அவராகச் சேர்த்து எழுதியிருக்கிறார். 12.30, 27. 1.00, 28. 1.20, 29.

முப்பது தாண்டினால் கம்ப்யூட்டர்கள் தானாக அணைந்துவிடும். அதை எனக்கே முதல் நாள் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதற்குக் கீழே கையெழுத்து வேறு. 1.50, 28. 2.10, 27. 2.30, 26. 3.00, 25. இந்த ஐந்துக்குத் தொப்பி தனியாக, தள்ளி நிற்கிறது. 4 மணிக் கட்டம் காலி.

சூடு இறங்கியிருக்கிறது. வேறு யாரோ கீழே நின்று அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பதிவேட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். வெளியே வரும்போது கதவில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். 253. ஐந்துக்குத் தொப்பி தனியாக நிற்கிறது.

4 மணி 21.

மார்ச் 19, வியாழன்

மெர்லின் மேடம் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

கேட்கலாம் என்று நான்கு தடவை மெர்லின் மேடத்தின் மேசைக்குப் போனேன். நான்கு தடவையும் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். நான்காவது தடவை கூடையில் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

பன்னிரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. பேட்டரி கத்த ஆரம்பித்தது. ஜமால் பாய் இல்லை. ஐந்து நிமிஷத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து அறை மொத்தமும் அமைதியாகிவிட்டது. அந்த அறையில் அமைதி எப்படி இருக்கும் என்று இன்றுதான் கேட்டேன்.

 கதவைப் பார்க்கிறேன், எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. மேடத்தின் அறைக்கு ஓடினேன். புளிசேரி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், நின்னு போச்சு. நான் ஒண்ணும் தொடல மேடம்."

"இருக்கட்டுக்கா. கரண்ட் வந்ததும் போட்டுக்கிடலாம்."

"எண்பத்தஞ்சு வருஷமும் போச்சே?"

"எதுக்குப் போகுது? ஒவ்வொரு வருஷம் முடியும்போதும் அதுவே சேமிச்சு வச்சுக்கிடும். விட்ட இடத்துலேருந்து ஓடும்." வாயில் சோற்றோடு சாதாரணமாகச் சொல்லியது. சொன்ன பிறகுதான் மெல்லுவதை நிறுத்தியது.

நான் கேட்டேன். "எப்பவுமே அப்படித்தானா?"

"ஆமாக்கா."

"போன வருஷமும்?"

டிபன் டப்பாவை மூடியது. பாதிச் சோறு அதில் இருந்தது. 

"அப்ப அந்தக் காகிதம் எதுக்கு மேடம்?"

"யாராவது தெரியாம சுவிட்சை அணைச்சிருவாங்கன்னு… எல்லா லேப்லயும் அப்படித்தான் எழுதி ஒட்டுவோம். சும்மா அழுத்தமா எழுதுறது."

2 மணி 26. 4 மணி 22.

மாலை கொத்தவரங்காய் பொரியல் செய்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, சனி

விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. எண்பத்தைந்தாவது வருஷம், ஜனவரி முதல் தேதியிலிருந்து. நாலு மாசம் திரும்ப ஓட வேண்டுமாம். எங்கள் கணக்கில் அது கால் நாள்.

கால் நாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கோடைக்கு முன் மாடிப் பெட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அறையின் சூட்டை வெளியே தள்ளுகிற பெட்டிகள், மாடியில் வரிசையாக நான்கு. ஜமால் பாய் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். சாவி என்னிடம் இருப்பதால் நானும் ஏறினேன். முதல் தடவை.

வெறும் சிமெண்டு. நிழல் என்று ஒன்று இல்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அடி விட்டுப்போனது.

மூன்றாவது பெட்டிக்குப் பின்னால் சணல் சாக்குகள் கிடந்தன. காய்ந்து அப்பளம் மாதிரி. பெட்டி சூடேறித் திணறினால் சாக்கை நனைத்துப் பக்கவாட்டில் போர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். ஊற்றுகிற வரைக்கும் உள்ளே குளிரும், நிறுத்தினால் திரும்ப ஏறும். ஜமால் பாய் சாக்குகளை உருவினார். நான்காவதாக வந்தது சாக்கு இல்லை.

காப்பிக்கொட்டை நிறம் போய் மண் நிறமாக இருந்தது. ஆனால் முழங்கையில் நான் போட்ட ஒட்டு இருந்தது.

ஜமால் பாய் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாக்கு பத்தல போல தங்கச்சி. நான் வந்து பாக்குறப்ப மூணே கால். கையில வாளியப் பிடிச்சமேனிக்குக் கிடந்தான். தண்ணிக் குழாய் மேல வராது. கீழேருந்து தூக்கிட்டு வந்திருக்கான். எத்தன நடையோ. ஒடம்பத் தொட்டா தோசக்கல்லு மாதிரி சுடுது. வேர்வையே இல்ல. வெயில்தான் அடிச்சிருக்குன்னு அப்ப எனக்குப் புரிஞ்சு போச்சு."

"மாரடைப்புன்னாங்க."

"அது ஆபீஸ் சொன்னது." தலையைச் சொறிந்தார். "எனக்கும் மூணு புள்ளைங்க. நான் வாயத் தொறக்கல. நீ திட்டணும்னா திட்டிக்க."

"எழுந்திரிங்கண்ணே. வெயில் ஏறுது" என்றேன்.

ஸ்வெட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தண்ணீரில் அலசினேன். முதல் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. இடது கை சுருங்கிவிட்டது.

ஏப்ரல் 28, செவ்வாய்

திதி. பஞ்சாங்கப்படி அவர் போன நாள் இன்றே வந்துவிட்டது. ஆபீஸ் காலண்டர்படி இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. சுகந்தி வந்தாள். காக்கை உடனே வந்து சாப்பிட்டுவிட்டது. "அப்பாவுக்கு எப்பவும் பசி தாங்காது" என்றாள் சுகந்தி.

அவளிடம் சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். "கெடச்சிருச்சா, எங்க இருந்துச்சு?" என்றாள். ஆபீசில் என்றேன்.

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடக்கம். பூமிக்கு நூற்றிருபது.

மாடிச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தாலிக் கயிறு இருந்த இடத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டேன். கொத்தில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

மே 7, வியாழன்

8 மணி 22. 10 மணி 24. 12 மணி 27.

பதினொன்றரைக்கே இரண்டாவது பெட்டி நின்றுவிட்டது. மூன்றாவது திணறியது. ஜமால் பாய் சுவிட்ச் பலகையைத் திறந்து மூடினார். பிறகு ஒன்றும் பேசாமல் கிடங்குக்குப் போய்ச் சாக்கு எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார்.

"சாவி குடு தங்கச்சி."

"எதுக்குண்ணே?"

"பத்து நிமிஷம். ரெண்டு வாளி ஊத்திட்டு ஓடியாந்துர்றேன்."

"மணி பன்னெண்டேகால்."

"எனக்கும் கடிகாரம் இருக்கு. குடு."

கொடுக்கவில்லை. அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் வழிந்தது. நான் துடைத்த தரை.

தயாளன் சார் சென்னைக்குப் போயிருந்தார். போன் வந்தது. பாய் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஏம்யா இன்னும் கீழ நிக்கிற? முப்பதைத் தொட்டா மெஷின் பூராப் படுத்துரும்."

"சாவி இந்தம்மாகிட்ட இருக்கு சார்."

"வாங்குய்யா."

"தர மாட்டேங்குது சார்."

"பூங்காவனம்! சாவியக் குடும்மா. என்ன வெளையாட்டு இது? கருணையில குடுத்த வேலைன்னு ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்குங்க சார்" என்றேன். "கருணை எதுக்காகன்னும் ஞாபகம் இருக்கு."

லைன் அறுந்தது. ஜமால் பாய் போனை வைத்துவிட்டார், அல்லது அதுவே நின்றதோ.

மெர்லின் மேடம் ஓடிவந்தது. திரையைப் பார்த்தது. 28. என் கழுத்தைப் பார்த்தது. நான் சொன்னேன். "நிறுத்துங்க மேடம். விட்ட இடத்துலேருந்து ஓடும்னு நீங்கதான் சொன்னீங்க."

மேடம் கதவைப் பிடித்துக்கொண்டது. அழுகிறது என்று தெரிந்தது. 

"அன்னைக்கு அண்ணன் வந்து கேட்டாருக்கா. 'அம்மா, அணைஞ்சா மொத்தமும் போயிருமா, மொதல்லேருந்து வரணுமா'ன்னு. நான் போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். கைய இப்படிக் காட்டினேன். நிறுத்தக் கூடாதுன்னு. கதவைக் காட்டினேன். பொறவு 'ரெண்டு வருஷந்தான் பாக்கி அண்ணே, எப்படியாவது பாத்துக்கிடுங்க'ன்னேன். அவர் மேல போனதும் நானே சூட்டப் பாத்து எழுதினேன். இறங்குதுன்னு போன்ல சொன்னேன். 'இறங்குதுண்ணே, விடாதீங்க'ன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றேன். "ஒங்க அஞ்சு எனக்குத் தெரியும் மேடம்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா…"

"29" என்றார் ஜமால் பாய்.

"மேடம், இப்பச் சொல்லுங்க அந்த வார்த்தைய."

உட்கார்ந்து தட்டியது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். விசிறிகள் இறங்கின. அந்த அமைதி திரும்ப வந்தது. ஜமால் பாய் ஈரச் சாக்கை வாசலில் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி நின்று செருப்பைத் துடைத்தார். "நல்லாத்தான் இருக்கு, மிதியடியா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கதவில் இருந்த காகிதத்தை நான் கிழிக்கவில்லை. மேடமே எடுத்தது. மடித்து என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தது.

பிறகு பதிவேட்டில் எழுதினேன். மணி 12.35. டிகிரி 29. கையெழுத்து போடுகிற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அதில்: நிறுத்தியாச்சு. மாடிக்கு யாரும் போகவில்லை.

மே 8, வெள்ளி

தயாளன் சார் சென்னையிலிருந்து வந்ததும் பதிவேட்டைக் கேட்டார். படித்தார்.

"நம்பர் மட்டும்தான் எழுதணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"இந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு வேற எழுதிக் குடு."

"பக்கம் கிழிஞ்சிருந்தா மேலிடத்துல போன வருஷப் பதிவேட்டையும் கேப்பாங்களே சார்" என்றேன். மிரட்டலாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். "அதுல மே ஒன்பதாம் தேதி ரெண்டு கையெழுத்து இருக்கு. நாலு மணிக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அப்போது மெர்லின் மேடம் உள்ளே வந்தது. கையில் டைப் செய்த இரண்டு காகிதம். போன வருஷம் என்ன நடந்தது என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லியது. காலையிலேயே அனுப்பிவிட்டதாம். தயாளன் சாருக்கு ஒரு நகல், எனக்கு ஒரு நகல். எனக்கான நகல் தமிழில் இருந்தது.

"என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் சார் மேடத்தைப் பார்த்து.

"தெரியும் சார்."

நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஜமால் பாய் தொழுகைக்குப் போகும் முன் வந்து, "எம்பேரையும் போட்டுருக்கா அதுல, நான் பாத்ததச் சொல்றேன்னு?" என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். "சரி" என்று தொப்பியைச் சரி செய்துகொண்டு போனார்.

மெக்கானிக் வந்து இரண்டாவது பெட்டியைச் சரி செய்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வெயில் இறங்கிய பிறகு ஏறினான். அதுவரை சாவியைக் கொடுக்கவில்லை.

மே 9, சனி

இந்தப் பக்கத்தில் வெள்ளி என்று அச்சாகியிருக்கிறது. காலையில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடித்துவிட்டுச் சனி என்று எழுதினேன்.

ஓட்டம் காலை ஒன்பதுக்குத் திரும்பத் தொடங்கியது. நூற்றிருபத்துநாலாவது வருஷம், ஜனவரி ஒன்று. சொன்ன நாளில் முடியாது, நாலைந்து நாள் தள்ளிப் போகும் என்றது மேடம். கதவில் ஒன்றும் ஒட்டவில்லை. "நீங்க எழுதுங்கக்கா" என்று வெள்ளைத் தாளும் மை பேனாவும் கொடுத்தது. எழுதினேன். என் எழுத்து கொஞ்சம் கோணல்.

"ஓட்டம் நடக்கிறது. தேவைப்பட்டால் நிறுத்தலாம். விட்ட இடத்திலிருந்து ஓடும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மாடிக்குப் போகக் கூடாது."

8 மணி 21. 10 மணி 21. 12 மணி 21. 2 மணி 21.

மூன்று மணிக்குப் பழைய பதிவேட்டை எடுத்தேன். அந்த நாலு மணிக் கட்டத்தை என்ன செய்வது என்று மார்ச்சிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு எண் போடலாம் என்று தோன்றும். ஒரு வார்த்தை எழுதலாம் என்றும் தோன்றும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அவருடைய எண்கள் மேலே வரிசையாக இருந்தன.

எழுதவில்லை. மூடி அலமாரியில் வைத்தேன்.

இந்த வருஷப் பதிவேட்டைத் திறந்தேன். குளிர் அதிகமாக இருந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். இடது கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்படியே இருந்தேன்.

4 மணி 21.